விக்கிப்பீடியாவில் எழுதியது காணாமல் போனால்: யாழ்ப்பாணத்திலிருந்து தொகுப்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கும் எங்கள் பக்கத்து மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பழைய மாணவர் சங்கத்தினர் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடக்குப்படுகிறார்கள். எழுதியது காணாமல் போகும், படம் அழியும், எழுத்து குழம்பும், கணக்குத் தொடங்கவே விடாது. அந்த இடத்தில் மனம் வெறுத்துத் திரும்பி வராமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதுதான் கவலை. ஊரை நேரில் அறிந்தவர்கள் ஒதுங்கிப் போனால் யாழ்ப்பாணத்துப் பக்கங்களை வேறு யார் வந்து நிரப்புவது? தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியபோது அதற்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தனியொருவராக எழுதியவர் அவர். அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகக் கூடாது.

ஆகவே உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் எல்லாச் சிக்கலுக்கும் பொதுவான ஒரு முதற்படி இருக்கிறது. கட்டுரையின் மேற்பகுதியில் உள்ள வரலாறு இணைப்பை அழுத்துங்கள். கைத்தொலைபேசியில் பார்த்தால், கடைசியாகத் தொகுக்கப்பட்ட நேரம் பக்கத்தின் அடியில் இருக்கும், அதைத் தொட்டாலும் அங்கே போகலாம். யார், எப்போது, எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது வரிக்கு வரி அங்கே இருக்கும். முகப்புத்தகத்தில் போய் ஆதங்கப்படுவதற்கு முன் இந்தப் பக்கத்தை ஒரு தடவை நிதானமாக வாசியுங்கள். பாதிப் பிரச்சினைக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

"நேற்று எழுதினேன், இன்று இல்லை"

இதற்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சேமிக்கப்படவே இல்லை. முன்தோற்றம் பார்த்துவிட்டு அதையே சேமித்ததாக நினைத்துப் பக்கத்தை மூடியிருப்பார்கள். வரலாற்றில் உங்கள் பெயர் எங்கேயும் இல்லையென்றால் இதுதான் காரணம். பயனர் பெயருக்குக் கீழே "பங்களிப்புகள்" என்று ஓர் இணைப்பு உண்டு. அங்கேயும் இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம், மறுபடி எழுத வேண்டியதுதான். நீளமான பந்தியை முதலில் வேறொரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். மின்சாரம் போனாலும் டேட்டா முடிந்தாலும் எழுத்து மிஞ்சும்.

இரண்டாவது, கட்டுரை இருக்கிறது, உங்கள் பந்தி மட்டும் இல்லை. யாரோ மீளமைத்திருக்கிறார்கள், அதாவது பழைய பதிப்புக்குத் திருப்பியிருக்கிறார்கள். வரலாற்றில் உங்கள் பதிப்பு அப்படியே கிடக்கும், அதன் நேரத்தை அழுத்தினால் முழுவதும் தெரியும். அடுத்த வரியில், அகற்றியவர் எழுதிய சுருக்கம் இருக்கும். "சான்று இல்லை", "பதிப்புரிமை", "நடுநிலை இல்லை" என்பவைதான் வழக்கமாக வரும் காரணங்கள். சுருக்கமே எழுதாமல் அகற்றியிருந்தால் அவரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், எந்த வரி, எந்த நூலில் இருந்து என்று சொல்லிக் கேளுங்கள். முடிவில் ~~~~ என்று நான்கு அலைக்குறி இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக வந்துவிடும். செய்யக் கூடாதது ஒன்றுதான்: அகற்றியதை அப்படியே திரும்பப் போடுவது. அவர் மறுபடி எடுப்பார், நீங்கள் மறுபடி போடுவீர்கள், கடைசியில் பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள்.

மூன்றாவது, கட்டுரையே இல்லை. தலைப்பைத் தேடிப் போனால், யார் நீக்கினார், என்ன காரணம் என்ற நீக்கல் பதிகை அந்த இடத்தில் தெரியும். இந்த நிலையில் மட்டும் வரலாறு உங்கள் கண்ணுக்குத் தெரியாது, பக்கங்களை நீக்கவும் பூட்டவும் அதிகாரமுள்ள தொகுப்பாளர்களான நிருவாகிகளுக்குத்தான் தெரியும். அதற்காக எழுத்து அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நீக்கிய நிருவாகியின் பேச்சுப் பக்கத்தில் போய், திருத்தி எழுத விரும்புகிறேன், என் பயனர் வெளிக்கு (உங்கள் பெயரின் கீழ் வரைவுகளை வைக்கும் இடம்) மாற்றித் தரமுடியுமா என்று கேளுங்கள். பதிப்புரிமை மீறல் அல்லாத எழுத்தாக இருந்தால் வழக்கமாகத் தருவார்கள். உதவி கேட்கும் ஒத்தாசைப் பக்கத்திலோ, எல்லாரும் கூடிப் பேசும் ஆலமரத்தடி என்ற பக்கத்திலோ கேட்டாலும் பதில் வரும்.

"எங்கள் பாடசாலையைப் பற்றி எழுதினேன், விளம்பரம் என்று தூக்கிவிட்டார்கள்"

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் முறைப்பாடுகளில் என் கண்ணில் அதிகம் படுவது இதுதான். பாடசாலை, கோயில், ஊர், ஊரின் பெரியவர் ஒருவர் என்று நான்கு வகைக் கட்டுரைகளும் இதே இடத்தில்தான் அடிபடுகின்றன. ஆகையால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேடைப் பேச்சுக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் மொழி வேறு. உடுவில் மகளிர் கல்லூரியைப் பற்றி "பெண் கல்வியின் கலங்கரை விளக்கமாகத் திகழ்ந்து வரும் ஒப்பற்ற கல்விக்கூடம்" என்று தொடங்கினால் அந்த வரி நிற்காது. "1824 இல் அமெரிக்க மிசனரிமாரால் பெண்களுக்கான உறைவிடப் பாடசாலையாகத் தொடங்கப்பட்டது" என்று எழுதிப் பாருங்கள். இந்த வரியை யாராலும் அசைக்க முடியாது. ஆண்டே பெருமையைச் சொல்லிவிடுகிறது. உங்கள் வரைவை எடுத்து, "ஒப்பற்ற", "புகழ்பூத்த", "தன்னிகரில்லா", "அரும்பெரும்" போன்ற சொற்களை அடித்துவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள். எதுவும் மிஞ்சவில்லையென்றால் இன்னும் தகவல் தேட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது சான்று. "எனக்குத் தெரியும், நான் அங்கே படித்தேன்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாசிப்பவர் அதைச் சரிபார்க்க வழியில்லை. கலைக்களஞ்சியத்துக்கு வேண்டியது, உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அச்சில் எழுதி வைத்த செய்தி. எங்கள் வீடுகளில் இதற்கான பொருள் நிறைய இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

கும்பாபிசேக மலர்: திருப்பணி நடந்த ஆண்டு, தர்மகர்த்தாக்கள், கட்டட அமைப்பு இவற்றுக்கு எடுக்கலாம். "ஈழத்தின் மிகப் பழமையான ஆலயம்" என்ற கூற்றுக்கு எடுக்க முடியாது, கோயிலே தன்னைப் பற்றிச் சொல்வது அது. பாடசாலை நூற்றாண்டு மலரும் அப்படித்தான். அதிபர்களின் வரிசைக்கு அருமையான ஆதாரம், ஆனால் பாடசாலையின் சிறப்பைப் பற்றிய மதிப்பீட்டுக்கு வெளியார் ஒருவர் எழுதியது வேண்டும். முப்பத்தோராம் நாள் கிரியையில் கொடுக்கும் நினைவு நூலான கல்வெட்டு, பிறந்த திகதி, பிறந்த ஊர், உறவுமுறை இவற்றுக்கு உதவும். ஒருவர் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறத் தக்கவர் என்பதை அது நிறுவாது, ஏனென்றால் எங்கள் வழக்கில் எந்த வீட்டிலும் கல்வெட்டு அடிப்பார்கள். அந்தப் பெரியவர் எழுதிய நூல்களைப் பற்றிப் பிறர் எழுதிய விமர்சனம், அவரைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரை, ஆய்வேட்டில் ஒரு பகுதி, இப்படி ஏதாவது இரண்டு மூன்று இருந்தால் கட்டுரை நிலைத்துவிடும்.

பழைய பத்திரிகைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1841 இல் உதயதாரகை, 1889 இல் இந்து சாதனம், 1959 இல் ஈழநாடு என்று பத்திரிகை நீளத்துக்குக் கண்ட ஊர் இது. ஆனால் 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. பின்னர் இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளில் இருந்தவையும் சிதறின. "சான்று தா" என்று கேட்கும்போது எங்கள் ஆட்களுக்குக் கோபம் வருவதன் பின்னணி எனக்கு நன்றாக விளங்குகிறது. எரித்துப்போட்டதை எங்கே போய்த் தேடுவது என்ற கோபம் அது. ஆனால் அதே காரணத்தால்தான், மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்துக் கட்டுரையில் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது.

இங்கே நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் பெரிய கை கொடுக்கும். 2005 இல் தொடங்கிய அந்தத் தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள், நினைவு மலர்கள் எல்லாம் மின்வருடி வைக்கப்பட்டிருக்கின்றன. பாடசாலையின் பெயர், ஊரின் பெயர், ஆளின் பெயர் மூன்றையும் தனித்தனியே அங்கே தேடுங்கள். கிடைத்ததும் ஆசிரியர், நூற்பெயர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்க எண் எல்லாவற்றையும் சான்றில் எழுதிவிட்டு நூலகத்தின் இணைப்பையும் சேருங்கள். பக்க எண் முக்கியம். இருநூறு பக்க மலரில் எந்த மூலையில் இருக்கிறது என்று சரிபார்ப்பவரை அலைய வைக்கக் கூடாது. இணையத்தில் இல்லாத நூலும் சான்றாகச் செல்லும். சனசமூக நிலைய வாசிகசாலையில் இருக்கும் ஒரே பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை, விவரம் முழுமையாக இருந்தால் போதும்.

அச்சில் வராத வாய்மொழிச் செய்தியை நேரடியாக விக்கிப்பீடியாவில் போட முடியாது. உங்கள் ஊர்க் குளத்தை வெட்டியவர் யாரென்று எண்பது வயது அம்மம்மாவுக்குத்தான் தெரியும் என்றால், அதை முதலில் ஒரு பத்திரிகையிலோ இதழிலோ கட்டுரையாக எழுதி அச்சேற்றுங்கள். அப்புறம் கலைக்களஞ்சியத்துக்குக் கொண்டு வரலாம். சுற்றுவழிதான், ஆனால் செய்யத்தக்க வேலை.

"ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறது"

பாமினி எழுத்துரு. இலங்கையில் பல ஆண்டுகளாக அச்சகங்களும் அலுவலகங்களும் பாடசாலைகளும் இதில்தான் தட்டச்சிட்டன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் வரிசைதான். எழுத்துரு இல்லாத இடத்தில் ஒட்டினால் சாயம் வெளுத்துவிடும். விக்கிப்பீடியா ஒருங்குறியை (யூனிகோட்) மட்டுமே ஏற்கும். பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, அவற்றில் போட்டு மாற்றுங்கள்.

மாற்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பழைய தட்டச்சில் துணைக்காலுக்குப் பதிலாக "ர" அடித்திருப்பார்கள், தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மாற்றியபின் பாடசாலை "பரடசரலை" ஆகிவிடும். மின்வருடிய பக்கத்தை எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவி) கொண்டு எடுத்தாலும் இதே பிழை வரும். ஒவ்வொரு வரியாகக் கண்ணால் வாசித்தால்தான் பிடிபடும்.

"கட்டுரை இருக்கிறது, தேடினால் வரவில்லை"

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறொன்று. "கௌரி" என்பதில் இருப்பது ஔகாரக் குறி. அதையே ஒற்றைக் கொம்பும் "ள" எழுத்தும் சேர்த்து "கெளரி" என்று அடித்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தேடுபொறிக்கு இரண்டும் வேறு சொற்கள். "ஸ்ரீ" எழுத்தையும் இரண்டு விதமாகக் குறியேற்ற முடியும். தமிழ் இலக்கமான "௭" சில வேளைகளில் "எ" இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். தலைப்பில் இப்படி ஒரு பிழை இருந்தால் சரியான எழுத்துக்குப் பக்கத்தை நகர்த்திவிடுங்கள்.

பிழையில்லாமலே இரண்டு எழுத்து வழக்கு இருந்தால், உதாரணமாக ரொறன்ரோ, டொராண்டோ என்பது போல, கட்டுரை ஒரு தலைப்பில் இருக்கட்டும், மற்றதிலிருந்து வழிமாற்று அமையுங்கள். இலங்கை வழக்கா இந்திய வழக்கா என்று சண்டை பிடிக்கத் தேவையே இல்லை. இரண்டு வழியால் வருபவரும் ஒரே கட்டுரைக்குத்தான் வந்து சேர்வார்.

"இணைப்புக் கொடுத்தேன், சிவப்பாக நிற்கிறது"

அந்தத் தலைப்பில் கட்டுரை இல்லை என்பதுதான் சிவப்பின் பொருள். தமிழில் இதற்குத் தனியான ஒரு காரணம் உண்டு, வேற்றுமை உருபு. [[யாழ்ப்பாணத்தில்]] என்று எழுதினால் "யாழ்ப்பாணத்தில்" என்ற தலைப்பைத்தான் தேடும். [[யாழ்ப்பாணம்|யாழ்ப்பாணத்தில்]] என்று எழுதுங்கள். நேர்கோட்டுக்கு முன்னால் கட்டுரையின் தலைப்பு, பின்னால் வாசகத்தில் தெரிய வேண்டிய வடிவம். [[பருத்தித்துறை|பருத்தித்துறைக்கு]], [[நல்லூர்|நல்லூரின்]] எல்லாம் இப்படித்தான்.

உண்மையிலேயே கட்டுரை இல்லாத சிவப்பை அகற்ற வேண்டாம். யாராவது ஒருவர் அதை அழுத்தி எழுதத் தொடங்குவார்.

"பந்தி பெட்டிக்குள் போய்விட்டது", "பாதிக் கட்டுரை மறைந்துவிட்டது"

பந்தியின் முதல் வரியை உள்ளே தள்ளி எழுதப் பாடசாலையில் பழகியிருக்கிறோம். மூலத்தில் தொகுக்கும்போது வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விட்டாலும் அந்த வரி சாம்பல் நிறப் பெட்டிக்குள் போய், ஓரம் தாண்டி நீண்டு நிற்கும். இடைவெளியை எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும். பந்தி பிரிய வேண்டுமானால் இடையில் ஒரு வெற்று வரி விடுங்கள். ஒரு தடவை மட்டும் என்டர் தட்டினால் இரண்டு பந்தியும் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் பிறகு எல்லாம் மறைந்துபோனால், அந்த இடத்தில் ஏதோ திறந்து மூடப்படாமல் கிடக்கிறது. சான்றுக் குறிச்சொல், மறைகுறிப்பு (மூலத்தில் மட்டும் தெரியும் குறிப்பு), அட்டவணை, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். சான்றுக் குறிச்சொல் என்றால் சிவப்பில் ஒரு பிழைச் செய்தியும் வரும். தகவற்பெட்டி (ஓரத்தில் வரும் சுருக்க விவரப் பெட்டி) உடைந்து {{ என்ற அடைப்புகள் பக்கத்தில் தெரிந்தால், திறந்த அடைப்புக்கு ஈடாக }} இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எங்கே உடைந்தது என்று பிடிபடவில்லையென்றால் வரலாற்றில் உடையாத கடைசிப் பதிப்பைத் தேடி, அதற்கு அடுத்ததோடு ஒப்பிடுங்கள். மாறிய எழுத்துகளை மட்டும் நிறமிட்டுக் காட்டும்.

"தொகுத்தல் முரண்பாடு என்று வருகிறது"

நீங்கள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொருவர் அதே பக்கத்தைச் சேமித்துவிட்டார். பதற வேண்டாம். உங்கள் எழுத்தும் அவருடையதும் இரண்டும் திரையில் காட்டப்படும். உங்களுடையதைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, புதிய பதிப்பைத் திறந்து உரிய இடத்தில் சேருங்கள். அவருடைய மாற்றத்தை மூடி எழுதிவிடக் கூடாது. நீண்ட நேரம் திறந்து வைத்துவிட்டு வந்து சேமிக்கும்போது அமர்வு போய்விட்டது என்று சொன்னால், எழுத்தைப் படியெடுத்துவிட்டு இன்னொரு தடவை சேமி அழுத்துங்கள். பெரும்பாலும் போய்விடும்.

"ஆண்டை மாற்றினால் திரும்பவும் பழைய ஆண்டையே போடுகிறார்"

இருவரும் சரியாக இருக்கலாம் என்று முதலில் யோசியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1974 என்பார் ஒருவர், 1979 என்பார் மற்றவர். 1974 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கியது. 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. இரண்டையும் இரண்டு வரியில் எழுதி, இரண்டுக்கும் சான்று வைத்தால் சண்டைக்கு இடமில்லை. பெயர் மாறிய பாடசாலைகள், மீளக் கட்டிய கோயில்கள் பலவற்றில் இதே குழப்பம்தான்.

சான்றுகளே ஒன்றோடொன்று முரண்பட்டால் நீங்கள் நீதிபதியாக வேண்டாம். "இன்ன நூல் இப்படிச் சொல்கிறது, இன்ன அறிக்கை அப்படிச் சொல்கிறது" என்று எழுதுங்கள். போர்க்காலச் சம்பவங்களுக்கு இது இன்னும் அவசியம். இழப்பு எவ்வளவு, யார் செய்தார்கள் என்பதை எழுதும்போது, யார் சொன்னது என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லுங்கள். எங்கள் வலியைக் குறைத்துச் சொல்வது ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. பெயரோடும் திகதியோடும் பக்க எண்ணோடும் நிற்கும் வரியைத்தான் எந்தப் பக்கத்தவராலும் அகற்ற முடியாது.

இன்னொன்று, "தற்போது" என்ற சொல். யாழ்ப்பாணத்துக்குத் தொடருந்து 1990 இல் நின்று 2014 இல் மறுபடி ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் "தற்போது சேவை இல்லை" என்று எழுதிய வரி, திருத்த ஆளில்லாவிட்டால் இன்றைக்கும் அப்படியே நிற்கும். எப்போதும் ஆண்டைப் போட்டு எழுதுங்கள்.

"பதிவேற்றிய படம் அழிந்துவிட்டது"

படங்கள் பெரும்பாலும் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் பகிரும் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் இருக்கின்றன. அங்கே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எடுத்தவர் யார், அவர் அனுமதி கொடுத்தாரா? முகப்புத்தகத்திலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ எடுத்த படம் நிற்காது. நினைவு மலரில் இருந்த படமும் சிக்கல்தான். படத்தில் இருப்பவரோ படத்தை வைத்திருப்பவரோ உரிமையாளர் ஆகிவிட மாட்டார், பொதுவாக எடுத்தவருக்குத்தான் உரிமை. இலங்கைச் சட்டப்படி படைப்பாளியின் வாழ்நாளும் அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும்.

சுலபமான வழி, நீங்களே போய் எடுப்பது. கோட்டை, நூலகக் கட்டடம், கடற்கரை, பனந்தோப்பு, சந்தை என்று எடுக்க எவ்வளவோ இருக்கிறது. கைத்தொலைபேசிப் படமே போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய பிரதியைப் போடாமல் மூலக் கோப்பையே பதிவேற்றுங்கள். எடுத்த நேரம், கருவி போன்ற விவரங்கள் அதற்குள் இருப்பதால் சந்தேகம் குறையும். வேறொருவரின் படம்தான் வேண்டுமென்றால், அவரே தன் மின்னஞ்சலிலிருந்து பொதுவகத்தின் அனுமதிக் குழுவுக்கு எழுதவேண்டும். "அவர் எனக்கு வாயால் சொன்னார்" என்பது போதாது.

"கணக்குத் தொடங்க விடவில்லை", "நான் ஒன்றும் செய்யவில்லை, தடை என்கிறது"

பாடசாலைக் கணினி அறையில் பயிலரங்கு வைப்பவர்கள் இதில் கட்டாயம் மாட்டுவார்கள். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குகள்தான் தொடங்கலாம். ஏழாவது மாணவருக்கு மறுத்துவிடும். மாணவர்களை முதல் நாளே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லையென்றால் நிருவாகிகளுக்கு முன்கூட்டியே அறிவித்தால் அந்த நாளுக்கு எல்லையைத் தளர்த்த ஏற்பாடு செய்யலாம்.

தடை என்று வந்தால் முதலில் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். 2019 இலும் 2022 இலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது இறக்கிய விபிஎன் இன்னும் பலரின் கைத்தொலைபேசியில் இருக்கிறது. அதனூடாகத் தொகுக்க விக்கிப்பீடியா விடாது. அது இல்லையென்றால், அதே வலைப்பின்னலில் இருக்கும் வேறு யாரோ குழப்படி செய்து முகவரி தடைபட்டிருக்கும். புகுபதிகை செய்து பார்த்தால் பல வேளைகளில் தடை விலகிவிடும். அப்படியும் விடாவிட்டால் தடைச் செய்தியிலேயே முறையிடும் வழி இருக்கும்.

"மொழிபெயர்த்துப் போட்டேன், நீக்கிவிட்டார்கள்"

இயந்திரம் தந்ததைத் திருத்தாமல் போட்டால் நீக்குவார்கள், நீக்கத்தான் வேண்டும். 2009, 2010 காலத்தில் கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவி வழியாக ஏராளமான கட்டுரைகள் வந்து குவிந்தன. நடை தமிழாக இல்லாததால் அவற்றைத் துப்புரவாக்கத் தன்னார்வலர்கள் பட்ட பாடு பெரிது. ஒரு பந்தியை வாசித்துப் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் தமிழில் எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவு தந்த வரைவென்றால் ஒவ்வொரு சான்றையும் திறந்து பாருங்கள். இல்லாத நூலுக்கு ஆசிரியரையும் பக்க எண்ணையும் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் அதற்கு உண்டு.

"கூகுளில் இன்னும் பிழையாகவே காட்டுகிறது"

தேடல் பக்கத்தின் ஓரப் பெட்டி கூகுளுடையது. விக்கிப்பீடியாவில் திருத்தினால் அது உடனே மாறாது. பெட்டியின் அடியில் கருத்துச் சொல்லும் இணைப்பு இருக்கும், அங்கே அறிவியுங்கள். விக்கிப்பீடியாவிலேயே பழைய பக்கம் தெரிந்தால் உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதியை (cache) அழித்துப் பாருங்கள். உங்கள் தமிழ்க் கட்டுரை ஆங்கிலக் கட்டுரையின் மொழிப் பட்டியலில் தெரியவில்லையென்றால், மொழிக்கு மொழி கட்டுரைகளை இணைக்கும் தளமான விக்கித்தரவில் இரண்டும் இணைக்கப்படவில்லை. மொழிகள் பொத்தானுக்குள் இணைப்புச் சேர்க்கும் வசதி உண்டு.

"விக்கிப்பீடியா என்றால் ஆசிரியர் ஏற்க மாட்டேன் என்கிறார்"

ஆசிரியர் சொல்வது சரி. யாரும் எந்த நேரமும் மாற்றக்கூடிய பக்கம் அது. ஒப்படைக்கு விக்கிப்பீடியாவை வாசிக்கத் தொடங்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் அடியில் உள்ள சான்றுகளைத் திறந்து, அந்த நூலையோ இதழையோ வாசித்து, அதையே ஒப்படையில் மேற்கோள் காட்டுங்கள். சான்றே இல்லாத வரியை எடுக்க வேண்டாம். கட்டுரையையே குறிப்பிட வேண்டிய தேவை வந்தால், கருவிகள் பகுதியில் உள்ள நிலையான இணைப்பை எடுத்து, பார்த்த திகதியையும் சேருங்கள். பிறகு யார் எதை மாற்றினாலும் நீங்கள் வாசித்த பதிப்பு அந்த இணைப்பில் அப்படியே திறக்கும். ஒப்படைக்காகத் தேடும்போது நல்ல நூல் ஒன்று கைக்கு வந்து, கட்டுரையில் அது இல்லையென்றால், அன்றைக்கே தொகு பொத்தானை அழுத்திச் சேர்த்துவிடுங்கள். பக்க எண்ணோடு.